கோப்பை வென்றாலும் மேலே போக முடியாத லீக்: ரஷ்யாவின் வி.எச்.எல். பற்றி ஓர் எளிய அறிமுகம்

கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டாம் நிலை லீக் என்றால் ஒரே கணக்குத்தான். ஜெயித்த அணி மேலே ஏறும், மேலே கடைசியில் நின்ற அணி கீழே இறங்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு மே மாதமும் நடப்பது அதுதான். ரஷ்ய ஐஸ் ஹாக்கியில் இந்தக் கணக்கு செல்லாது. நெஃப்தெகாம்ஸ்க் என்ற சிறு நகரத்தின் தோரோஸ் அணி 2012, 2013, 2015 என மூன்று முறை இரண்டாம் நிலை லீக்கின் கோப்பையை வென்றது. ஒவ்வொரு முறையும் அடுத்த செப்டம்பரில் அதே லீக்கில்தான் திரும்ப ஆடியது. விதியே அப்படி.

ஏறவும் முடியாது என்றால் அந்த லீக் எதற்கு? அதில் ஆடுகிறவர்கள் எதற்காக ஆடுகிறார்கள்? நான் ரஷ்ய ஹாக்கியைப் பின்தொடர்வதில் பாதி நேரம் இந்தக் கீழ் லீக்குக்கே போகிறது. மேல் லீக்கில் நடப்பதற்கான காரணங்கள் பலவும் இங்கேதான் இருக்கின்றன என்பது என் எண்ணம். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சீசனை, 2011-12 சீசனை, எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அந்த ஒரு வருடத்தில் இந்த லீக்கின் எல்லா முகங்களும் தெரிந்தன.

முதலில் அடுக்கு. உச்சியில் இருப்பது கே.எச்.எல். 2008-ல் தொடங்கியது, ரஷ்யாவுக்கு வெளியிலும் அணிகள் உண்டு, அதன் கோப்பைக்கு விண்வெளி வீரர் காகரினின் பெயர். அதற்கு நேர்கீழே வி.எச்.எல். முன்பு இருந்த இரண்டாம் நிலை லீக்கின் இடத்தில் 2010-ல் வந்தது. முதல் கோப்பை தியூமென் நகரின் ரூபின் அணிக்குப் போனது. பக்கவாட்டில் எம்.எச்.எல். என்ற இளைஞர் லீக் இருக்கிறது, 2009-லிருந்து. ஒரு பையன் இளைஞர் லீக்கில் தொடங்கி, வி.எச்.எல். வழியாக கே.எச்.எல்.லுக்குப் போவது வழக்கமான பாதை. நடுவில் இருக்கிற படிதான் நம் விஷயம்.

ஆட்டத்தையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உறைந்த தளத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும். தலா 20 நிமிடத்தில் மூன்று பகுதிகள். கையில் மட்டை, காலில் ஸ்கேட், அடிப்பது கெட்டியான ரப்பர் பக். தப்பாட்டம் ஆடினால் அந்த ஆள் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அதுவரை அவர் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அது பவர் பிளே. கிரிக்கெட்டில் நாம் சொல்லும் பவர் பிளேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த லீக்கைப் புரிந்துகொள்ள முக்கியமான விஷயம், ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பது. முழு வேகத்தில் ஒருவரால் முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான் ஓட முடியும். பிறகு தடுப்பைத் தாண்டி பெஞ்சுக்கு வந்துவிடுவார், அடுத்தவர் குதித்து உள்ளே போவார். ஆட்டம் நிற்காது, நடக்கும்போதே ஆள் மாறும். அதனால் ஒரு போட்டிக்கு இருபது பேருக்கு மேல் உடை மாட்டித் தயாராக இருக்க வேண்டும். சீசனில் ஒரு அணிக்கு ஐம்பதையொட்டிய போட்டிகள், அதற்கு மேல் பிளே-ஆஃப். மோதல் நிறைந்த ஆட்டம் என்பதால் தோள் இறங்கும், முழங்கால் போகும், விரல் உடையும். இன்று இரவு அடிபட்டவரின் இடத்துக்கு நாளை மறுநாள் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டில் சும்மா இருந்தவராக இருந்தால் உதவாது. போன வாரம் வரை உண்மையான போட்டி ஆடியவராக இருக்க வேண்டும்.

அங்கேதான் கீழ் லீக்கின் தேவை தொடங்குகிறது.

சார்பு அணி

தோரோஸ் ஏன் மேலே போகவில்லை என்ற கேள்விக்குப் பதில் ஊஃபா நகரத்தில் இருக்கிறது. பாஷ்கொர்தஸ்தான் குடியரசின் தலைநகர் ஊஃபா. அங்கே கே.எச்.எல்.லில் ஆடுகிற சலவாத் யுலாயெவ் என்ற பெரிய கிளப் உண்டு. நெஃப்தெகாம்ஸ்க் அதே குடியரசில் இருக்கிற எண்ணெய்த்தொழில் ஊர். அந்த ஊரின் தோரோஸ், சலவாத் யுலாயெவின் சார்பு அணி. ஊஃபாவில் இடம் கிடைக்காத இளைஞர்கள் தோரோஸில் ஆடுவார்கள். ஊஃபாவில் யாருக்காவது அடிபட்டால் தோரோஸிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் நன்றாக ஆடினால் அங்கேயே நிற்பார், இல்லையென்றால் திரும்பி வருவார். பல ஒப்பந்தங்கள் இதற்காகவே இரு லீக்குக்கும் சேர்த்துப் போடப்படுகின்றன. மேலே ஆடும்போது ஒரு சம்பளம், கீழே ஆடும்போது அதைவிடக் குறைந்த சம்பளம்.

ஆக, தோரோஸ் கோப்பை வென்றால் மேலே போவது அணி அல்ல, ஆட்கள். ஒரு பயிற்சியாளரின் நிலையிலிருந்து இதை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் அணியின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் நன்றாக ஆட ஆட, அவரை இழக்கும் நாள் நெருங்கி வருகிறது. அவரைத் தயார் செய்தது வெற்றி, அவரை இழப்பதும் அதே வெற்றியின் விளைவு. இந்த நிலையில் மூன்று கோப்பைகளை வென்ற அணி என்பதால்தான் தோரோஸ் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கோல்கீப்பர் விஷயத்தில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு போட்டிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் தயாராக இருப்பார்கள், ஆடுவது ஒருவர். முதல் கோல்கீப்பர் உறுதியாக நின்றுவிட்டால் இரண்டாமவர் மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்தொன்பது, இருபது வயதில் அப்படி உட்கார்ந்தால் கை மழுங்கிவிடும். பக் பறந்து வரும்போது முழங்காலை மடக்குவதா, நிற்பதா என்பதை யோசித்து முடிவு செய்ய நேரம் கிடையாது. உடம்புக்கே அது தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் போட்டிகள் ஆட வேண்டும்.

இகோர் ஷெஸ்தியோர்கின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பெரிய கிளப்பான ஸ்காவில் 2015-16-ல் ஃபின்லாந்தின் மிக்கோ கோஸ்கினென் முதல் கோல்கீப்பர். இருபது வயது ஷெஸ்தியோர்கின் பெஞ்சில் முடங்காமல், அதே கிளப்பின் சார்பு அணியான ஸ்கா-நெவாவுக்காக வி.எச்.எல்.லில் ஆடினார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். 2022-ல், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.லின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கினார். அதே ஸ்கா-நெவாவில் பின்னர் யாரோஸ்லாவ் அஸ்காரோவ் 2019-20-ல் ஆடினார். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் எடுத்துக்கொள்ளும் என்.எச்.எல். தேர்வில், 2020-ல் நாஷ்வில் அணி அவரை 11-வது இடத்தில் எடுத்தது. மத்வெய் மிச்கோவும் அங்கே ஆடியவர்தான். 2023 தேர்வில் ஃபிலடெல்ஃபியா அவரை 7-வது இடத்தில் எடுத்தது. இவர்களைப் பற்றிப் படிக்கும்போது ஆரம்ப வரிகளில் வி.எச்.எல். என்ற மூன்று எழுத்து வந்தால், தாண்டிப் போய்விடாதீர்கள்.

2011-12: ஒரே பட்டியலில் எத்தனை காரணங்கள்

அந்த சீசனின் அணிப் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே சார்பு அணிகள் இல்லை. ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு காரணத்துக்காக அங்கே நின்றது.

தொழிற்சாலை ஊர்களின் அணிகள் ஒரு வகை. இஷெவ்ஸ்க் நகரத்தின் இஷ்ஸ்தால், பெயரிலேயே எஃகு ஆலையைச் சுமப்பது. தாதர்ஸ்தானில் எண்ணெய் எடுக்கிற அல்மெத்தியெவ்ஸ்க் ஊருக்கு நெஃப்தியானிக், அதாவது எண்ணெய்த் தொழிலாளி. பென்ஸாவின் அணிக்கு டீசல் என்றே பெயர். சோவியத் காலத்தில் ஆலைகள் தங்கள் தொழிலாளர்களுக்காக நடத்திய விளையாட்டு மன்றங்களின் வழித்தோன்றல்கள் இவை. இந்த ஊர்களில் குளிர்கால மாலைகளில் ஊரே கூடுகிற இடம் ஐஸ் அரங்கம். கே.எச்.எல்.லுக்குப் போவது இவற்றில் பலவற்றின் திட்டத்திலேயே கிடையாது. ஊருக்கு அணி வேண்டும், ஊர்ப் பையன்களுக்கு ஆட இடம் வேண்டும், அவ்வளவுதான். செலவை ஆலையோ மாகாண நிர்வாகமோ பார்த்துக்கொள்ளும்.

அதே பட்டியலில் தொல்யாத்தியின் லாடாவும் இருந்தது. கார்த் தொழிற்சாலை ஊரின் அணி. 1994-ல் லாடா ரஷ்யச் சாம்பியன் ஆனபோது அது சரித்திரம். சோவியத் காலம் முழுக்கப் பட்டம் மாஸ்கோ அணிகளிடமே இருந்தது, அந்தப் பிடியை உடைத்தது லாடா. 1996-லும் வென்றது. அப்படிப்பட்ட அணி 2010-ல் கே.எச்.எல்.லை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. காரணம் ஆட்டம் அல்ல. பழைய சின்ன அரங்கமும் பணநெருக்கடியும்தான். புது அரங்கம் 2013-ல் வந்தது, 2014-ல் லாடா மேலே திரும்பியது. இடைப்பட்ட நான்கு சீசன்களை வி.எச்.எல்.லில் கழித்தது. 2011-12 அதில் இரண்டாவது.

எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த அணி, உக்ரைனின் தொனெத்ஸ்க் நகரத்தின் தொன்பாஸ். அது 2011-ல் வி.எச்.எல்.லுக்குள் வந்தது, ஒரே சீசன் ஆடிவிட்டு 2012-ல் கே.எச்.எல்.லுக்குப் போய்விட்டது. கோப்பை வெல்லாமலே போனது. பணமும் அரங்கமும் திட்டமும் இருந்தன, விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு கோப்பை வென்ற தோரோஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏறுவது இறங்குவது எப்படி நடக்கிறது என்பதை இந்த இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு விளக்கமே வேண்டாம். தொன்பாஸின் மீதிக் கதை வேதனையானது. போர் வந்தது. 2014 மே மாதம் அதன் துருஷ்பா அரங்கம் சூறையாடப்பட்டு எரிந்தது. அந்த அணி கே.எச்.எல்.லுக்குத் திரும்பவே இல்லை.

கஸகஸ்தானிலிருந்து உஸ்த்-கமெனகோர்ஸ்க் நகரின் அணியும் அந்த சீசனில் ஆடியது. என்.எச்.எல்.லின் சான் ஹோசே அணிக்குப் பல ஆண்டுகள் கோல் காத்த எவ்கெனி நபோகோவ் பிறந்த ஊர் அது. சோவியத் காலத்திலிருந்தே நல்ல ஹாக்கிப் பள்ளி உள்ள ஊர். நாடு பிரிந்த பிறகும் ஆட்டம் மட்டும் எல்லை தாண்டி ஒரே லீக்கில் தொடர்ந்தது. 2014-லும் 2019-லும் வி.எச்.எல். கோப்பை கஸகஸ்தானின் கரகண்டா நகரத்துக்குப் போயிருக்கிறது, சரியார்கா அணி வழியாக.

சீசன் எப்படி ஓடுகிறது

செப்டம்பரில் தொடங்கும். குளிர்காலம் முடிகிற வரை லீக் போட்டிகள், அதன் பிறகு பிளே-ஆஃப், ஏப்ரலில் இறுதி. 2011-12-ல் அணிகளை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஏன் பிரிக்க வேண்டும் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு முனையில் பால்டிக் கடலோரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வி.எம்.எஃப். அணி. மறுமுனையில் பைக்கால் ஏரிக்குப் பக்கத்தில் அங்கார்ஸ்க் நகரத்தின் யெர்மாக். இரண்டு ஊர்களுக்கும் கடிகாரத்திலேயே ஐந்து மணி நேர வித்தியாசம். அங்கார்ஸ்கில் ஆட்டம் முடிந்து வீரர்கள் தூங்கப் போகும்போது பீட்டர்ஸ்பர்க்கில் மாலை ஆட்டத்துக்கு இன்னும் அரங்கமே திறந்திருக்காது.

அதனால் வெளியூர்ப் போட்டிகளைக் கொத்தாக வைப்பார்கள். ஒரு முறை புறப்பட்டால் அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டு மூன்றில் ஆடிவிட்டுத்தான் திரும்புவார்கள். கே.எச்.எல். பெரிய கிளப்கள் விமானத்தில் பறக்கிற தூரத்தைக் கீழ் லீக்கில் பஸ்ஸிலும் ரயிலிலும் கடப்பது சகஜம். ஜனவரியில், உறைந்த நெடுஞ்சாலையில், நேற்று ஆடிய உடம்போடு. மேல் லீக்குக்கு வந்துவிட்ட ஆட்டக்காரர் ஒருவர் சுலபமாகத் தளரமாட்டார் என்றால், இந்தப் பயணங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்தத் தூரத்திலும் குளிரிலும் அழகு இல்லாமல் இல்லை. 2012 பிப்ரவரியில் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரத்தில் ஒரு வி.எச்.எல். போட்டியைத் திறந்தவெளி மைதானத்தில் நடத்தினார்கள். ரஷ்யன் கிளாசிக் என்று பெயர். பிறகு அது இந்த லீக்கின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கூரையில்லாத வானத்தின் கீழ், சைபீரியக் குளிரில், சிறுவயதில் எங்கே ஆடக் கற்றார்களோ அதே மாதிரி இடத்தில்.

புள்ளிக் கணக்கில் புதியவர்கள் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஹாக்கியில் டிரா கிடையாது. 60 நிமிடம் முடிந்து சமநிலை என்றால் 5 நிமிடக் கூடுதல் நேரம், முதல் கோல் அடித்தவர் வென்றார். அந்தக் காலத்தில் கூடுதல் நேரத்தில் பக்கத்துக்கு நான்கு ஆட்டக்காரர்கள், இப்போது மூன்று. அதிலும் கோல் இல்லையென்றால் ஒருவர் பின் ஒருவராக கோல்கீப்பரை நேருக்கு நேர் சந்திக்கும் ஷூட்-அவுட். 2011-12-ல் 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றால் 1, நேரடியாகத் தோற்றால் ஒன்றுமில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு அணி பத்துப் போட்டியில் ஆறை நேராக வென்று நாலை நேராகத் தோற்றது என்று வைத்துக்கொள்வோம். 18 புள்ளி. இன்னொரு அணி இரண்டை நேராக வென்று, நாலைக் கூடுதல் நேரத்தில் வென்று, நாலைக் கூடுதல் நேரத்தில் தோற்றது. 6, 8, 4, மொத்தம் அதுவும் 18. இரண்டும் ஆறு வெற்றி, சமமான புள்ளி. கே.எச்.எல். 2018-19-லிருந்து எந்த வெற்றிக்கும் 2 புள்ளி என்று மாற்றியது, கூடுதல் நேரத்தில் தோற்றால் முன்போலவே 1. அந்தக் கணக்கில் முதல் அணிக்கு 12, இரண்டாவது அணிக்கு 16. அதே ஆட்டங்கள், அதே முடிவுகள், ஆனால் பட்டியலில் நாலு புள்ளி தூரம். பழைய முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 60 நிமிடத்துக்குள் முடிக்கிற துணிச்சலுக்கு அது விலை வைத்தது. பழைய சீசன்களின் பட்டியலையும் புது சீசன்களின் பட்டியலையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

பிளே-ஆஃபில் ஒரே எதிரணியோடு தொடர்ந்து மோத வேண்டும். இறுதித் தொடரில் முதலில் நான்கு போட்டிகளை வெல்லும் அணிக்குக் கோப்பை. ஷூட்-அவுட் கிடையாது. கோல் விழுகிற வரை கூடுதல் பகுதிகள் ஆடிக்கொண்டே போகலாம். 2012 வசந்தத்தில் வென்றவர்களுக்குக் கொடுத்த கோப்பையின் பெயர் பிராதினா. விருந்தில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போகிற பழைய ரஷ்யப் பானப் பாத்திரத்தின் பெயர் அது. பின்னாளில் கோப்பைக்கு விளாதிமிர் பெத்ரோவின் பெயரை வைத்தார்கள். மிகாய்லோவ், பெத்ரோவ், கார்லாமோவ் என்று சோவியத் அணியில் பேர்பெற்ற மூவரணியின் நடு ஆட்டக்காரர் அவர், 1972, 1976 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2017-ல் காலமானார்.

கதவு எப்போது திறக்கும்

ஆட்டத்தில் ஜெயித்து மேலே போக முடியாது, தோற்றுக் கீழே வருவதும் இல்லை. அப்படியானால் எது தீர்மானிக்கிறது? பணம், அரங்கம், கூட்டம், கே.எச்.எல். நிர்வாகத்தின் கணக்கு. 2017-ல் நோவகுஸ்நெத்ஸ்க் நகரத்தின் மெத்தலுர்க் அணியை கே.எச்.எல். வெளியே அனுப்பியது. பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரங்களான இருவரில், கோல்கீப்பர் செர்கெய் போப்ரோவ்ஸ்கியை வளர்த்த ஊர், தாக்குதல் ஆட்டக்காரர் கிரில் கப்ரிஸோவ் பெரியவர்களோடு முதலில் ஆடிய அணி. உலகத்துக்கே ஆட்டக்காரர்களைக் கொடுத்த ஒரு சைபீரிய எஃகு ஊர், தன் அணியைத் தாங்கப் பணமில்லாமல் கீழே வந்தது. எனக்கு இது இன்றும் ஆறவில்லை. மறு வருடமே லாடாவும் காந்தி-மான்சிய்ஸ்கின் யுக்ராவும் வெளியேற்றப்பட்டன. யுக்ரா கீழே வந்து 2021, 2022 என்று அடுத்தடுத்து வி.எச்.எல். கோப்பையை வென்றது. 2023-ல் கே.எச்.எல்.லுக்குத் திரும்பியது யுக்ரா அல்ல, லாடா.

மூடிய லீக்குக்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. ஏறி வந்த சிறிய கிளப் ஒரே வருடத்தில் கடனில் மூழ்கிய கதைகள் உண்டு. 2008-09-ல் கே.எச்.எல்.லின் முதல் சீசனில் ஆடிய வஸ்கிரெசென்ஸ்க் நகரின் கிமிக், பணம் போதாமல் அந்த ஒரு சீசனோடு வெளியே வந்தது. இருந்தாலும், தொடர்ந்து இரண்டு முறை வென்றவனுக்கும் கதவு திறக்காது என்றால் ரசிகனுக்கு ஒரு கனவு குறைகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிசம்பர் 12

2011-12 சீசனைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான்.

2011 செப்டம்பர் 7. யாரோஸ்லாவ்ல் நகரத்தின் லோகோமோட்டிவ் அணி, கே.எச்.எல். சீசனின் தன் முதல் போட்டிக்காக மின்ஸ்க் நகருக்குப் புறப்பட்டது. யாக்-42 விமானம் ஓடுபாதையிலிருந்து எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்தது. உள்ளே 45 பேர். பிழைத்தது விமானப் பொறியாளர் ஒருவர் மட்டும். உயிரோடு மீட்கப்பட்ட ஒரே ஆட்டக்காரர் அலெக்சாந்தர் கலீமோவ், தீக்காயங்களோடு ஐந்து நாள் போராடி செப்டம்பர் 12-ல் இறந்தார். பயிற்சியாளர் பிராட் மெக்கிரிம்மன், ஸ்லோவாக்கியாவின் பவோல் தெமித்ரா, பெலாரஸின் ருஸ்லான் சாலேய், லாத்வியாவின் கார்லிஸ் ஸ்கிராஸ்தின்ஷ், செக் நாட்டின் யோசெஃப் வாஷிச்செக், ஸ்வீடனின் ஸ்தெஃபான் லிவ், உள்ளூர்க்காரர் இவான் த்காச்சென்கோ. ஒரு அணி முழுசாக இல்லாமல் போனது. அன்று ஊஃபாவில் நடந்துகொண்டிருந்த சீசனின் தொடக்கப் போட்டி பாதியில் நிறுத்தப்பட்டது.

மற்ற கே.எச்.எல். கிளப்கள் தங்கள் ஆட்டக்காரர்களைத் தர முன்வந்தன. அவர்களை வைத்து உடனே ஒரு அணியைக் கட்டி கே.எச்.எல்.லில் இறக்கலாம் என்ற யோசனை எழுந்தது. நல்ல மனசோடு வந்த யோசனைதான். லோகோமோட்டிவ் நிர்வாகம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த வருடம் கே.எச்.எல்.லில் ஆடுவதில்லை, டிசம்பரிலிருந்து வி.எச்.எல்.லில் ஆடலாம், பெரும்பாலும் தங்கள் இளைஞர் அணியின் பையன்களோடு. இரவல் நட்சத்திரங்களை வைத்து ஒரு சீசனை ஓட்டியிருந்தால் அது யாரோஸ்லாவ்லின் சட்டையை மாட்டிய வேறு ஒரு அணியாகத்தான் இருந்திருக்கும். சொந்தப் பையன்களை, அவர்கள் வயதுக்கும் பலத்துக்கும் பொருந்துகிற லீக்கில் இறக்கி, வளரவிட்டு, பிறகு மேலே கொண்டுபோவது என்ற முடிவுக்குப் பின்னால் ஹாக்கி எப்படி வேலை செய்கிறது என்ற ஆழமான அறிவு இருந்தது.

பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் பியோத்தர் வரபியோவ். 1997-ல் இதே கிளப், அன்று டார்பிடோ என்ற பெயரில், முதல் முறையாக ரஷ்யச் சாம்பியன் ஆனபோது பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான்.

2011 டிசம்பர் 12, திங்கட்கிழமை, யாரோஸ்லாவ்லின் அரீனா-2000 அரங்கம். எதிரே அல்மெத்தியெவ்ஸ்க்கின் நெஃப்தியானிக். சாதாரணமாக ஒரு வி.எச்.எல். வாரநாள் ஆட்டத்தை உள்ளூர் செய்தித்தாள் தாண்டி யாரும் கவனிக்க மாட்டார்கள். அன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து செய்தியாளர்கள் வந்திருந்தார்கள். லோகோமோட்டிவ் 5-1 என்று வென்றது.

பருவத்தின் நடுவில் சேர்ந்ததால் மற்ற அணிகளைவிட மிகக் குறைவான போட்டிகளே அவர்களுக்குக் கிடைத்தன. அப்படியும் பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றார்கள். 2012 செப்டம்பரில் புது ஆட்களும் சேர்ந்து, அணி கே.எச்.எல்.லுக்குத் திரும்பியது. 2025 மே மாதம் லோகோமோட்டிவ், செல்யாபின்ஸ்க்கின் டிராக்டர் அணியை 4-1 என்ற தொடர்க் கணக்கில் வென்று, முதன்முறையாக காகரின் கோப்பையைக் கையில் எடுத்தது.

இந்த லீக்கைப் பின்தொடரத் தொடங்க நினைத்தால் ஒரு வழி சொல்கிறேன். முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கே.எச்.எல்.லில் ஒரு அணியையும் அதன் சார்பு அணியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊஃபாவும் நெஃப்தெகாம்ஸ்க்கும் நல்ல ஜோடி. செப்டம்பரில் இரண்டு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலையும் ஒருமுறை பார்த்து வையுங்கள், குறிப்பாக 22 வயதுக்குக் கீழே இருப்பவர்களை. ஜனவரியில் அதே இரண்டு பட்டியலையும் மறுபடி எடுங்கள். யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார், யாருக்கு அடிபட்டபோது போனார், போனவர் மேலே ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்று பாருங்கள். நிமிடக் கணக்கு ஐந்து, ஆறிலிருந்து பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அவர் இனி கீழே திரும்புவது கஷ்டம்.